பார்த்த கூலி: மெக்கானிக் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும், பட்டறையில் இப்போது கை வைக்கத் தொடங்கியிருக்கும் ஒன்றிரண்டு தங்கைகளுக்கும்,

காலை ஏழரை மணிக்கு உங்கள் போன் அடிக்கிறது. "வண்டி ஸ்டார்ட் ஆகலைங்க, கொஞ்சம் உடனே வர முடியுமா?" பின் சீட்டில் பிள்ளை யூனிபாரத்தோடு உட்கார்ந்திருக்கும். முன் சீட்டில் டிபன் பை. வண்டிக்காரர் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, எதைப் பார்ப்பதென்று தெரியாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்பார். நீங்கள் டூல் பையை டேங்க் மேல் வைத்துக் கிளம்புகிறீர்கள். போய் இறங்கியதும் முதல் ஐந்து நிமிடம் என்ன செய்கிறீர்கள்? அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

நான் திருச்சிக்காரன். 1978இல், பதினாறு வயதில், பாலக்கரைப் பக்கம் ஒரு மேஸ்திரியிடம் எலெக்ட்ரிக்கல் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு சொந்தக் கடை போட்டு முப்பத்தெட்டு வருடம் ஓட்டினேன். கண் மங்கி, முழங்காலும் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்த பிறகு கடையைக் கைமாற்றி விட்டேன். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பாயிண்ட் தேய்த்த கை இது. பட்டனை அமுக்கினால் கிளம்பும் வண்டி வரைக்கும் பார்த்துவிட்டது. ஆனால் தொழிலில் மூத்தவன் என்பதற்காக உங்களுக்கு எழுதவில்லை. நீங்கள் இன்றைக்குச் செய்கிற தவற்றை உங்களுக்கு முன்பே செய்தவன் என்பதால் எழுதுகிறேன். அந்தக் கதை பின்னால் வரும். முதலில் என் மகள் வண்டி.

அவள் சென்னையில் வேளச்சேரியில் இருக்கிறாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது அவள் வண்டி பாதிச் சக்கரம் தண்ணீரில் நின்றது. "சாவியைத் தொடாதே, தண்ணி வடியட்டும்" என்று நான் போனில் கத்தியதை நல்லவேளை கேட்டாள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்து சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். ஒன்றும் ஆகவில்லை. வண்டி நன்றாக ஓடியது. எல்லோரும் மறந்துவிட்டோம்.

ஏழு மாதம் கழித்து ஒருநாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. டக் டக் டக் என்ற சத்தம் மட்டும். வந்த தம்பி சத்தத்தைக் கேட்டார், பேட்டரிக்கு இரண்டு வருடம் தாண்டிவிட்டது என்பதையும் பார்த்தார், பேட்டரி போச்சு என்றார். 5,800 ரூபாய். வண்டி ஓடியது. பதினோராம் நாள் மறுபடி அதே சத்தம். இந்த முறை வேறொரு பட்டறை. பேட்டரி புதுசு, ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, அப்படியானால் செல்ஃப் மோட்டார்தான் என்று கணக்குப் போட்டார்கள். பழசை எடுத்துக்கொண்டு வேறு மாட்டினார்கள். 7,500 ரூபாய். வண்டி ஓடியது. மூன்று வாரம். அப்புறம் மறுபடி டக் டக். பட்டறைத் தம்பி போனில் சொன்னாராம்: "மேடம், ஈசிஎம்மா இருக்கலாம்."

ஈசிஎம் என்றால் எஞ்சினின் கம்ப்யூட்டர். அந்தச் சொல்லைக் கேட்ட மறுநாள் நான் பல்லவன் ரயிலில் ஏறிவிட்டேன்.

அடுத்து நான் செய்ததில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. உங்கள் எல்லோர் பையிலும் கிடக்கிற மல்டிமீட்டர்தான் என் பையிலும். பேட்டரி பிளஸ், மைனஸ் இரண்டிலும் குத்திப் பார்த்தேன்: 12.5. மகளை சாவி திருப்பச் சொன்னேன். டக் டக் டக். மீட்டர் 12.3க்குக் கீழே போகவில்லை. கொஞ்சம் நின்று இதை யோசியுங்கள். ஒரு சின்ன பெட்ரோல் வண்டியின் செல்ஃப் மோட்டாரே நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு கரன்ட் பேட்டரியை விட்டுப் போயிருந்தால் வோல்ட் பத்து, பத்தரைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கரன்ட் போகவே இல்லை. பேட்டரியைக் கேட்டால் "நான் தரத் தயார், வாங்கத்தான் ஆள் இல்லை" என்று சொல்லும். வழியில் எங்கேயோ அடைப்பு.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் தூண் மேல் வைத்தேன். கிளிப் மேல் வைக்காமல், ஈயத் தூண் மேலேயே. இன்னொரு முனையை எஞ்சின் மேல், ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டில் துரு இல்லாத இடமாகப் பார்த்து அழுத்தினேன். மறுபடி சாவி. இந்த இடத்தில் மீட்டர் கிட்டத்தட்ட சும்மா இருக்க வேண்டும், 0.2 வரைக்கும் மன்னிக்கலாம். ஆறு, ஏழு என்று துள்ளியது. எர்த்!

ஜம்பர் கேபிளில் கறுப்பை மட்டும் எடுத்து, பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் கொக்கிக்குப் போட்டேன். "இப்ப அடிம்மா" என்றேன். ஒரே அடி. எஞ்சின் பிடித்த சத்தத்துக்கு அவளே பயந்துவிட்டாள்.

அந்த வண்டியில் பேட்டரி மைனஸ் பாடிக்குப் போகிறது. பாடியிலிருந்து கியர்பாக்ஸுக்குச் சடை மாதிரிப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று இறங்குகிறது. கீழ் முனை நின்றது டிசம்பர் தண்ணீரில். நட்டைக் கழற்றிப் பட்டையை விரலால் நசுக்கினேன். பச்சைத் தூள் கொட்டியது. பாதி இழை இல்லை. ஹெட்லைட்டுக்கு எர்த் பாடியில் இருப்பதால் அது பளிச்சென்று எரிந்து எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருந்தது.

என் மேஸ்திரி இருந்திருந்தால் மீட்டர்கூட எடுத்திருக்க மாட்டார். எழுபதுகளின் கடைசியில் ஒரு அம்பாசடர் வந்தது. செல்ஃப் அடித்தால் முக்கும், டேஷ்போர்டிலிருந்து புகை வரும். நான் வயரிங் எரிகிறது என்று ஓடினேன். அவர் சோக் கம்பியைத் தொட்டுப் பார் என்றார். சுட்டது. எஞ்சினுக்கு ஒழுங்கான எர்த் இல்லையென்றால் கரன்ட் திரும்பிப் போக வேறு வழி தேடும், சோக் கம்பி கிடைத்தால் அதில் போகும் என்று விளக்கினார். இன்றைய வண்டியில் சோக் கம்பி இல்லை. ஆனால் கரன்ட் இன்றைக்கும் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும்.

இப்போது நான் கேட்கிறேன், கோபப்படாமல் பதில் யோசியுங்கள். பழுது எர்த் பட்டையில் என்றால், பேட்டரி மாற்றியதும் வண்டி ஏன் ஓடியது? செல்ஃப் மாற்றியதும் ஏன் ஓடியது?

பேட்டரி மாற்றிய தம்பி டிரேயைத் தூக்கி இறக்கியிருப்பார். பட்டை அசைந்திருக்கும், நட்டுக்கு அடியில் துரு கொஞ்சம் உரசிக் கழன்றிருக்கும், பதினோரு நாளைக்குப் போதுமான வழி கிடைத்திருக்கும். செல்ஃப் மோட்டார் உட்காருவதே கியர்பாக்ஸ் ஓரத்தில். அதை மாற்றிய கை பட்டையில் படாமல் இருந்திருக்க முடியாது. மூன்று வாரம் கிடைத்தது. இரண்டு தம்பிகளும் பொய் சொல்லவில்லை. "மாத்தினேன், ஓடிச்சு, அப்ப அதுதான் ரிப்பேர்" என்று மனதார நம்பினார்கள். நம் தொழிலில் மனிதனை ஏமாற்றுவதில் இந்தக் கணக்குக்கு இணை கிடையாது. நம்மையே ஏமாற்றிவிடும். ஒரு பார்ட்டை மாற்றும்போது பத்து இடத்தில் கை படுகிறது, நாலு கனெக்டர் கழற்றி மாட்டப்படுகிறது. வண்டி ஓடியதற்கு அந்தப் பத்தில் எது காரணம் என்று, முன்னாடியே அளந்து பார்க்காதவனுக்குத் தெரிய வழியில்லை.

செல்ஃப் மாற்றிய தம்பியைக் கூப்பிட்டேன். வந்தார். சண்டைக்குத் தயாராக வந்தார் என்று நினைக்கிறேன். முதலில் "சார்" என்றார். பட்டையைக் கையில் வைத்து நசுக்கிப் பார்த்தார். மீட்டரை நானே பிடித்து, அவரையே சாவி திருப்பச் சொல்லிக் காட்டினேன். நல்ல கை அவருக்கு, கவனமும் இருக்கிறது. பத்து நிமிடத்தில் "மேஸ்திரி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பிறகு அவர் கேட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

"மேஸ்திரி, சரி. இதை நான் மொத நாளே கண்டுபிடிச்சிருந்தா என்ன பில் போட்டிருப்பேன்? பட்டை 180 ரூபா. மாட்ட 150. அதுக்கே, ஒரு வயருக்கா 330ன்னு கேட்டிருப்பாங்க. செல்ஃப் மாத்தினதுக்கு 7,500 வாங்கினேன். யாரும் ஒரு வார்த்தை கேக்கல."

என்னிடம் பதில் இல்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். திருச்சி வரும் வரைக்கும் அதே யோசனை. தம்பி, இதைப் படிக்கிறாய் என்றால், அன்றைக்குச் சொல்ல முடியாத பதில்தான் இது.

நாம் பார்த்ததற்குக் கூலி வாங்குவதில்லை. மாற்றியதற்குத்தான் வாங்குகிறோம். "சும்மா பாருப்பா, என்னன்னு சொல்லு" என்று வண்டிக்காரர் சொல்கிறார், நாமும் சும்மா பார்க்கிறோம். அப்புறம் அந்தச் சும்மாவுக்கான காசு பார்ட்ஸ் விலையில் போய் ஒளிந்துகொள்கிறது. பழுதைக் கண்டுபிடிக்கிறவனுக்கு 150, கண்டுபிடிக்காதவனுக்கு 7,500 என்று ஒரு தொழில் நடந்தால், அந்தத் தொழிலில் யார் மீட்டரைக் கையில் எடுப்பான்? இதை உங்கள் மேல் மட்டும் பழியாகப் போட எனக்கு மனம் வரவில்லை. இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தது என் தலைமுறை. "பாத்ததுக்கெல்லாம் காசு வாங்கக்கூடாது" என்பதை நாங்கள் ஒரு கௌரவமாகவே வைத்திருந்தோம். அதை நல்ல மனசு என்று நினைத்தோம்.

அந்த நல்ல மனசு செய்த வேலையைச் சொல்கிறேன். 1997. ஒரு கல்லூரிப் பேராசிரியர். புதிதாக வாங்கிய கார், ஒரு வருடம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை காலையில் வண்டி எடுக்கவில்லை என்று ஆள் அனுப்பினார். போனேன், ஜம்பர் போட்டு எடுத்தேன், பேட்டரி வீக் என்றேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி திங்கள். மறுபடி ஜம்பர். "பேட்டரி மாத்திடலாம் சார்" என்றேன். மாற்றினேன். புது பேட்டரிக்கும் ஒரு திங்கட்கிழமை வந்தது. பிறகு சார்ஜிங் சரியில்லை என்று டைனமோவைக் கழற்றி பிரஷ் மாற்றினேன். பேராசிரியர் சாது. ஒவ்வொரு முறையும் பணத்தை எண்ணி உறையில் போட்டுக் கொடுப்பார். ஒருநாள் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, இது ஏன் திங்கக்கிழமை மட்டும் வருது?"

மூன்று மாதமாக அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை. அவர் வெள்ளி மாலை வண்டியை நிறுத்தினால் திங்கள் காலையில்தான் தொடுவார். அன்றைக்கு டிக்கியைத் திறந்தவுடன் உள்ளே கையை விட்டு விளக்கைத் தொட்டேன். சுட்டது. மூடினாலும் அணையாத ஐந்து வாட் பல்பு. பன்னிரண்டு வோல்ட்டில் அது 0.4 ஆம்பியர், வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை அறுபது மணி நேரம், 24 ஆம்பியர்-அவர் போய்விடும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மீதி என்ன இருக்கும், செல்ஃப் எப்படி எடுக்கும்? டிக்கி சுவிட்சை வளைத்து விட்டேன். கூலி வாங்கவில்லை. வாங்கிய பேட்டரிக் காசைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்கு ஒரு போனை வீடியோவில் போட்டு டிக்கிக்குள் வைத்து மூடினால் அந்தப் பல்பு அரை நிமிடத்தில் மாட்டிக்கொள்ளும். அந்த உறைகளை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

ஆகவே முதல் ஐந்து நிமிடத்தில் முதல் நிமிடம் வாய்க்கும் காதுக்கும். "ஸ்டார்ட் ஆகலை" என்பது வயிற்று வலி மாதிரி. அதற்குள் பத்து நோய் இருக்கிறது. செல்ஃபே எடுக்கவில்லையா, செல்ஃப் சுற்றுகிறது ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லையா? இந்த ஒரு கேள்வியில் பாதி வண்டி கழிந்துவிடும். நேற்று எப்படி நின்றது, எத்தனை நாள் நின்றது, நடுவில் யார் கை வைத்தார்கள், புதிதாக செட்டோ கேமராவோ மாட்டினார்களா, சர்வீஸ் விட்டார்களா, மழைத் தண்ணீரில் போனதா, வாசலில் எலி உண்டா. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்து, வண்டிகள் வாரக்கணக்கில் அசையாமல் நின்று, பேட்டரிகள் வரிசையாகப் படுத்தபோது, எத்தனை நாள் நின்றது என்று கேட்டுவிட்டுச் சார்ஜ் மட்டும் போட்டுக் கொடுத்தவர்களும் இருந்தார்கள், கேட்காமல் புதுசு விற்றவர்களும் இருந்தார்கள்.

பிறகு கண். டெர்மினல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, கிளிப்பைக் கையால் பிடித்துத் திருகினால் சுற்றுகிறதா? சுற்றினால் அதுதான் அன்றைய பழுதாக இருக்கப் பாதி வாய்ப்பு. ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் கியர் P அல்லது Nஇல் இருக்கிறதா, பட்டன் வண்டியென்றால் பிரேக்கோ கிளட்சோ முழுதாக மிதிபடுகிறதா? தரைவிரிப்பு மடங்கி கிளட்சுக்கு அடியில் போனதால் ஸ்டார்ட் ஆகாத வண்டியை டோ செய்து கொண்டுபோன கதை எனக்குத் தெரியும். சிரிக்காதீர்கள், டோ செய்தது நம் ஆள்தான். ரிமோட் சாவியில் பேட்டரி தீர்ந்திருந்தால், பெரும்பாலான வண்டிகளில் சாவியையே பட்டன் மேல் ஒட்டிவைத்து அமுக்கினால் எடுத்துவிடும்.

அதற்கப்புறம் மீட்டர். இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 இருந்தால் முழுசு, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை. சார்ஜ் இல்லாத பேட்டரியும் செத்த பேட்டரியும் ஒன்றில்லை என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். விழவே இல்லை, மோட்டாரும் சுற்றவில்லை என்றால் வழியைத் தேடுங்கள்: எர்த், பிளஸ் கேபிள், சொலினாய்டு கான்டாக்ட், பிரஷ். சத்தமே இல்லையென்றால் அதற்கும் முன்னால் போங்கள்: ரிலே, ஃபியூஸ், சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச். ஓடும்போது பேட்டரியில் பொதுவாக 13.8லிருந்து 14.5 வரை வர வேண்டும். புது வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கை ஏற்றி இறக்கும், அதனால் ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். நம் ஊர் வெயிலில் பேட்டரி சீக்கிரம் சாகும், அது உண்மை. உண்மையாகச் செத்திருந்தால் தாராளமாக மாற்றுங்கள். சிக்னலில் எஞ்சின் தானாக அணைந்து எழும் வண்டியென்றால் அதற்குரிய பேட்டரியையே மாட்டுங்கள். சாதாரணத்தை மாட்டினால் ஒரு வருடத்தில் உங்களைத் திட்டிக்கொண்டு வருவார்கள்.

செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்பது வேறு வீடு. அதற்குள் நான் அதிகம் நுழையப் போவதில்லை, அதில் உங்களில் பலர் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். சாவி போட்டதும் பின்னால் பம்ப் இரண்டு விநாடி முனகுகிறதா, டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னி இம்மொபிலைசர் தடுக்கிறதா, சூட்டில் நின்று ஆறினதும் பிடித்தால் கிராங்க் சென்சாரா என்று உங்களுக்கே தெரியும். ஒன்றே ஒன்று சொல்கிறேன், ஸ்கேனரைப் பற்றி. பி0335 என்று வந்தால் உடனே கிராங்க் சென்சார் ஆர்டர் போடுகிறீர்கள். அந்த எண் சொல்வது சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று. சர்க்யூட் என்றால் சென்சார், வயர், கனெக்டர், எர்த், அந்தப் பக்கம் ஈசிஎம் எல்லாமும்தான். எலி கடித்த ஒரு வயருக்காகச் சென்சார் மாற்றி, அப்புறம் ஈசிஎம் விலை கேட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கேனர் தெருவைக் காட்டும். கதவைத் தட்ட மீட்டர் வேண்டும்.

கையோடு இன்னொரு மனக்குறை. ஜம்பர் போட ஆள் கிடைக்காமல் லாரியை நிறுத்திக் கேபிள் மாட்டுகிறீர்கள். லாரி 24 வோல்ட். அன்றைக்கு வண்டி எடுத்துவிடலாம், உள்ளே எந்தப் பெட்டி வெந்தது என்பது அப்புறம் தெரியும். கறுப்பு கேபிளின் கடைசி முனையைப் படுத்த வண்டியின் பேட்டரியில் மாட்டாதீர்கள், எஞ்சின் இரும்பில் தள்ளி மாட்டுங்கள். பேட்டரி மூச்சு விடுவது ஹைட்ரஜன். பொறி பட்டால் வெடிக்கும். பானெட்டுக்கு அருகில் எப்போதும் உங்கள் முகம்தான் இருக்கிறது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "மேஸ்திரி, இதெல்லாம் பாத்துட்டு நின்னா அடுத்த வண்டிக்கு யார் போறது?" என் மகள் வண்டியில் மீட்டர் வைத்து எர்த் என்று தெரிய எனக்கு நாலு நிமிடம் ஆனது, அதில் ஒரு நிமிடம் கண்ணாடியைத் தேடினேன். நீங்கள் செல்ஃப் கழற்றி மாட்ட எவ்வளவு நேரம் ஆனது? "பக்கத்துக் கடைக்காரன் சும்மா பாக்கிறான், நான் காசு கேட்டா அங்க போயிடுவாங்க." போவார்கள். பதினோராம் நாள் திரும்பி வருவார்கள். இப்போது இருக்கும் வழக்கத்தில் அந்தப் பதினோராம் நாள் அவர்கள் உங்களிடமிருந்து இன்னொரு கடைக்குப் போகிறார்கள், நீங்கள் அதைக் கணக்கில் எழுதுவதில்லை.

"கஸ்டமர் குடுக்க மாட்டாங்க" என்பதுதான் கனமான பேச்சு. யோசித்துப் பாருங்கள். காய்ச்சல் என்று போனால் ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். நானூறோ ஐந்நூறோ கொடுக்கிறோம். ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு தாள் வருகிறது. ஒன்றும் இல்லாததற்கா இவ்வளவு காசு என்று யாராவது சண்டை போட்டோமா? அந்தத் தாளை பீரோவில் பத்திரமாக வைக்கிறோம். ஏன்? தாளில் எண் இருக்கிறது. நாம் வாயால் சொல்கிறோம், எண் சொல்வதில்லை; "பேட்டரி வீக்" என்கிறோம். வீக் என்பது எண்ணா? எழுதிக் கொடுத்தால் நம் சொல்லுக்கும் விலை வரும். எழுதிக் கொடுத்தால் நாமும் தப்பிக்க முடியாது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தவறாக அளந்தால் அடுத்த மெக்கானிக் பார்த்துச் சிரிப்பான். சிரிக்கட்டும். அந்தப் பயம் எனக்கு 1997இல் இருந்திருந்தால் பேராசிரியருக்கு ஒரு பேட்டரி மிச்சமாகியிருக்கும்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் மகளுக்கு நானே ஒரு பில் எழுதினேன். பழைய பில் புக்கில் ஒரு தாள் மிச்சம் இருந்தது. "பேட்டரி நிலையில் 12.5. செல்ஃப் அடிக்கும்போது 12.3. மைனஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே 6 முதல் 7. பட்டை மாற்றிய பின் 0.1. ஓடும்போது 14.1. எர்த் பட்டை ரூ.180. மாட்டிய கூலி ரூ.150. பார்த்த கூலி ரூ.400." படித்துவிட்டு, "அப்பா, பாத்ததுக்குமா?" என்றாள். என் பெண்ணே இப்படிக் கேட்டால் ஊரில் மற்றவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் தாளை இன்னொரு முறை படித்தாள். "இந்த நம்பரெல்லாம் முன்னாடி யாரும் சொல்லலையே" என்று சொல்லிவிட்டு 730 ரூபாயையும் போனில் அனுப்பினாள். அந்தத் தாள் இப்போது வண்டியின் கிளவ் பாக்ஸில், ஆர்சி புக்கோடு இருக்கிறது.

ஆகவே உங்களிடம் நான் வேண்டிக் கேட்பது மூன்று. ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குப் போனால் ஸ்பானருக்கு முன்னால் மீட்டரை எடுங்கள், பார்த்த எண்களை எண்ணாகவே பில்லில் எழுதுங்கள். மாற்றிய பழைய பார்ட்டைக் கேட்பதற்கு முன்னாலேயே வண்டிக்காரர் கையில் கொடுங்கள். எக்ஸ்சேஞ்சுக்குப் போகிற பார்ட் என்றால் எது கெட்டிருந்தது என்று பிரித்துக் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, இதுதான் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும்: பார்த்த கூலியை வாய்விட்டுக் கேளுங்கள். தொகையை உங்கள் ஊருக்குத் தக்கபடி நீங்களே வையுங்கள். ஏழைப்பட்டவர் என்றால் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பில்லில் அந்த வரியை எழுதிவிட்டுக் குறையுங்கள். வரி இருக்க வேண்டும்.

கேட்கக் கூச்சமாக இருந்தால் போர்டு கேட்கட்டும். உங்கள் பட்டறை வாசலில் பஞ்சர், வீல் அலைன்மென்ட், ஏசி கேஸ் என்று எழுதியிருக்கிறதே, அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கும். "ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குச் சோதனைக் கட்டணம் ரூ.300. பழுது எங்கே என்று எழுதித் தரப்படும்." பெயிண்டர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்வார். கூட வருகிறதே என்று "எழுதித் தரப்படும்" என்பதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

அன்புடன்,
பாலக்கரைப் பழைய எலெக்ட்ரீசியன் ஒருவர்